கரி மயக்கம்

வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே படுத்து, எப்போது புறப்பட வேண்டுமோ அப்போது எழுவது நமது தொழில். பேருந்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், இரவு தங்கும் ஊர்களில் படுக்க இடமில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். குறைப்படுவதில் தவறில்லை. நாங்களும் குறைப்பட்டோம், கேட்பதற்குத்தான் ஆளில்லை. நான் நடத்துநராகச் சேர்ந்து, பின்னர் ஓட்டுநராகி, ஓய்வு பெறும் வரையில் கழிந்த ஆண்டுகளில், கூரையின் கீழ் உறங்கிய இரவுகளைக் காட்டிலும் வெட்டவெளியில் உறங்கிய இரவுகளே மிகுதி. ஆகையால் பனிக்காலத்தில் வெளியில் படுப்பதைக் குறித்துச் சில சொல்ல எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

புதியவர்கள் குளிர் மேலிருந்து இறங்குவதாக எண்ணி, போர்த்துவதிலேயே கருத்தாக இருப்பார்கள். குளிர் தரையிலிருந்து ஏறுவது. இரண்டு கோணிகள் கையில் இருந்தால் ஒன்றரைக் கோணியைக் கீழே விரித்து, எஞ்சிய அரையைக் காலில் சுற்றிக்கொள்பவனே விடியும் வரை உறங்குவான். திருத்தணியைச் சுற்றிப் பாறைகளுக்குப் பஞ்சமில்லை. மாலையில் பாறை வெதுவெதுப்பாக இருப்பது கண்டு அதன்மேல் படுப்பவன், பின்னிரவில் அதே பாறை தன் உடம்புச் சூட்டை உறிஞ்சுவதை உணர்வான். நனைந்த சட்டையை உடம்பிலேயே உலர்த்தலாம் என்பது சோம்பேறித்தனம். வெறும் வயிற்றோடு படுப்பவனுக்கு எந்தக் கம்பளியும் போதாது. போர்க் காலத்தில் கம்பளிகளெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதனால், எங்களுக்குக் கோணியும் வைக்கோலுமே கதி.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் உங்கள் உடம்பே உங்களுக்குக் கற்பித்துவிடும். உடம்பு கற்பிக்காத ஒன்றும் உண்டு. அதைச் சொல்லவே எழுதத் தொடங்கினேன்.

நாற்பதுகளில், போர் முடியாத அந்த ஆண்டுகளில், பெட்ரோல் கிடைக்கவில்லை. பேருந்துகளை அடுப்புக் கரியில் ஓட்டினோம். வண்டியின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதற்குள் கரியை நிரப்பிக் கனல வைத்தால், அதிலிருந்து எழும் வாயு குழாய் வழியாக இன்ஜினுக்குச் சென்று வண்டியை இழுக்கும். அந்த உருளையைக் ‘கரி டிரம்’ என்போம். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். காலையில் அரை மணி நேரம் கைவிசிறியைச் சுழற்றிக் கனலை எழுப்பினால்தான் வண்டி உயிர் பெறும். அந்த வேலை கிளீனருடையது. விசிறியைச் சுழற்றும் ஆள் நடுவில் நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டால், ஓட்டுநர்கள் சிரித்துக்கொண்டே, “இன்னாப்பா, கரி மயக்கமா?” என்று கேட்பார்கள். சோறு தின்றுவிட்டுக் கண் சொக்குபவனையும் அப்படித்தான் கேட்பார்கள். டிக்கெட் கொடுக்காமல் சன்னலோரம் சாய்ந்திருந்தபோது என்னையும் ஒரு முறை கேட்டதுண்டு. ஆகையால் அது சோம்பலுக்கு எங்கள் தொழிலில் வழங்கும் கேலிப்பெயர் என்றே நான் எண்ணியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதங்கள்தாம் ஆகியிருந்தன.

எங்கள் ஓட்டுநரின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அவர் விரும்பியிருக்க மாட்டார். வீட்டில் தெலுங்கும் வண்டியில் தமிழும் பேசுபவர். ஐம்பதை நெருங்கியவர். கட்டளையிடுவார், காரணம் சொல்லமாட்டார். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தையும் அவரிடம்தான் கற்றேன். இதையும் அவரிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

மார்கழி முடியும் தறுவாயில் ஒரு நாள், திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைப் பக்கம் செல்லும் கடைசி வண்டியில் இருந்தோம். கிளீனர் காய்ச்சலில் படுத்துவிட்டதனால் அவன் வேலையையும் நானே பார்த்தேன். பகலெல்லாம் தூறல். கரி மூட்டைகளை வண்டியில் ஏற்றியவன் நான். அவற்றின் அடிப்பக்கம் நனைந்திருந்ததைக் கவனிக்காதவனும் நானே. பாதித் தொலைவில் டிரம்மில் ஈரக் கரி விழுந்தது. வண்டி இருமுறை குலுங்கி நின்றது. பொழுதும் சாய்ந்தது.

ஓட்டுநர் இறங்கிப் போய் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். நனைந்த கையை என் சட்டையிலேயே துடைத்தார்.

பயணிகளில் பலர் அடுத்த ஊர் இரண்டு மைல்தான் என்று நடந்துவிட்டார்கள். மூவர் மட்டும் நின்றார்கள். ஏகாம்பரம் என்பவர் அம்மையார்குப்பத்து நெசவாளர்; நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடன் அவர் மனைவி தாயாரம்மாள். நூல் கிடைக்காத அந்தக் காலத்தில் பர்மிட் எழுதி வாங்கிய இரண்டு நூல் மூட்டைகள் அவர்களிடம் இருந்தன. அவற்றை ஈரச் சாலையில் சுமக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. மூன்றாமவர் கரும்பு வெட்டப் போகும் சின்னையன். கனகம்மாசத்திரத்துக்காரர். பாதத்தில் முள் ஏறிச் சீழ் பிடித்திருந்ததனால் அவரால் நடக்க இயலவில்லை. வாய்க்கு அந்தக் குறை இல்லை.

ஓட்டுநர் உலர்ந்த கரி கொண்டுவரத் திருத்தணிக்கு நடந்தே திரும்பினார். கோணியை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புறப்படும்போது இரண்டு கட்டளைகள் இட்டார்.

“தம்பி, டிரம்ம ஆற வுட்டுடாதே. ஆறிடுச்சின்னா காலைல உயிர் வராது. அடிக்கதவ ஒரு விரல் தொறந்து வை, நேரத்துக்கு ஒரு பிடி கரி போடு.”

“சரிங்க.”

“அதும் கிட்ட யாரையும் வுடாதே.”

“சரிங்க.”

இரும்பு சுடும், குழந்தை குட்டி கை வைத்துவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நான் பொருள் கொண்டேன். அங்கே குழந்தை குட்டிகள் இல்லை என்பதும் என் நினைவில் இருந்தது.

இருட்டியதும் தூறல் நின்று வாடைக் காற்று எழுந்தது. அக்காலத்து வண்டிகளில் பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது, கித்தான் திரைதான். எங்கள் வண்டியின் திரை பாதி கிழிந்திருந்தது. உள்ளே பலகை இருக்கைகளில் படுத்தால் காற்று இப்பக்கம் நுழைந்து அப்பக்கம் வெளியேறும். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டலாம் என்றால் சாலையோரத்தில் நனையாத குச்சி ஒன்று இல்லை. சற்று நேரம் நால்வரும் டிரம்மைச் சுற்றி நின்றுகொண்டு கைகளை நீட்டினோம். கட்டளையின் முதல் மீறல் அது.

“கண்டக்டரே, டிக்கெட் குடுத்தீங்க, எடம் குடுக்கலை, இப்ப அடுப்பு குடுக்கறீங்க. இதுக்கு தனி சார்ஜா?” என்றார் சின்னையன்.

“சும்மா இருய்யா. அவரே குளுர்ல வெடவெடன்னு ஆடிகினு இருக்காரு,” என்றார் தாயாரம்மாள்.

ஏகாம்பரம் டிரம்மையும் வண்டியின் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “மேல மூடற தார்ப்பாய் ஒண்ணு கீது இல்ல?” என்றார்.

“இருக்கு. எதுக்கு?”

“கூரையிலேர்ந்து தொங்க வுட்டு, இப்பிடியே இழுத்து கல்லு வெச்சம்னா ஒரு குடிசை ஆச்சி. உள்ள இம்மாம் பெரிய கும்முட்டி அடுப்பு. இன்னா வேணும்?”

“டிரைவர் கிட்ட வுடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“தொட்டாத்தான சுடும்? தொடாத படுத்துக்கறோம். பொகை கூட இல்ல பாருங்க. பொகைஞ்சா நானே வாணான்னு சொல்லுவேன். எங்க ஊட்ல பனிக்காலத்துல தறிக்குழியிலயே கரி நெருப்புச் சட்டி வெச்சிகினு நெய்யறோம். எங்கப்பா காலத்துலேர்ந்து.”

அவர் கூறியது பொய்யன்று. விறகுப் புகைக்கு அஞ்ச வேண்டும், புகையாத கரி நல்ல நெருப்பு என்பது அந்தப் பக்கத்து வீடுகளில் அனைவரும் அறிந்தது. என் வீட்டிலும் அப்படியே. நெசவாளர் வீட்டுக் கூரையில் ஓலைக்கு ஓலை இடைவெளி உண்டென்பதையும், தார்ப்பாயில் அது இல்லையென்பதையும் எங்களில் ஒருவரும் எண்ணவில்லை. தாயாரம்மாளின் உதடுகள் நடுங்குவதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்திய குற்றம் என்னுடையது என்பதும் உறுத்திற்று. தார்ப்பாயை எடுத்துக் கொடுத்தேன்.

ஏகாம்பரம் அதைக் கட்டிய நேர்த்தியை இன்றும் என்னால் கூற முடியும். ஓரங்களை உள்ளே மடித்து, மடிப்பின் மேல் மண் தள்ளி, மண்ணின் மேல் கல் வைத்தார். பக்கவாட்டில் ஒரு கிழிசல் இருந்தது. மனைவியிடம் ஊசி கேட்டு, விளக்கு வெளிச்சத்தில் அதைத் தைத்தே விட்டார்.

“காத்து பூர ஒரு சந்து இல்ல பாத்துக்கோங்க,” என்றார்.

“நைனா, வெளிய வர்ற வழியாவது வெச்சியா?” என்றார் சின்னையன்.

“ஒனக்கு வழி எதுக்கு? ஒரு தபா உள்ள போனா காலைலதான் வருவே.”

அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன்.

மூவரும் உள்ளே படுத்தார்கள். நூல் மூட்டைகளையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் எந்நேரமும் திரும்பக் கூடும். வழியில் வேறு வண்டி வந்தால் விளக்கைக் காட்ட வேண்டும். ஆகையால் நான் முன்பக்கத்தில், அவர் இருக்கையில், கோணிகளைச் சுற்றிக்கொண்டு அமர்ந்தேன். எனக்கு அது தியாகமாகத் தோன்றியது. உண்மையில் அந்த நால்வரில் நல்ல இடம் கிடைத்தவன் நானே.

சிறிது நேரம் அவர்கள் பேசுவது கேட்டது. பின்னர் சின்னையன் வெளியே வந்து சாலையோரத்தில் குந்தி வாந்தி எடுத்தார்.

“இன்னாங்க?” என்றேன்.

“தல இடி இடின்னு இடிக்குது. உள்ள ஒரே புழுக்கம்.”

உள்ளிருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது. “மத்தியானம் ஊத்திக்கின கள்ளு. அடுப்பு இன்னா பண்ணும்?” அவர் நாக்கு சற்றே குழறியதை நான் தூக்கக் கலக்கமென்று கொண்டேன்.

“ஒரு மொந்தை நைனா. ஒரு மொந்தைக்கு தல இடிக்கற ஆளா நானு?” என்று முணுமுணுத்தபடி சின்னையன் வண்டிக்குள் ஏறிப் பலகையில் சுருண்டுகொண்டார்.

மேலும் ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். கரி போட வேண்டிய நேரம். ஒரு கல்லை நகர்த்தி, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, விளக்கோடு உள்ளே நுழைந்தேன். முகத்தில் அடித்த வெதுவெதுப்பு மிகவும் இதமாக இருந்தது. கணவனும் மனைவியும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரத்தின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக இருந்தது. அப்படிப்பட்ட குளிரில் ஒருவருக்கு வியர்ப்பதைக் கண்டு எனக்கு ஒரு நிறைவு உண்டாயிற்று என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். காலடி ஓசையால் அவர்கள் விழித்துவிடக் கூடாதென்று நுனிக்காலில் நடந்தேன். கரியைப் பிடி பிடியாக, சத்தமின்றிப் போட்டேன். சற்றுக் குளிர் காய்ந்துவிட்டு வெளியே வந்தேன். பிறகு தார்ப்பாயை இழுத்துவிட்டு, அந்தக் கல்லை எடுத்து முன்பு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இதுநாள் வரை நான் செய்த தவறுகளில் எது பெரிது என்று எவரேனும் கேட்டால், அந்தக் கல்லை வைத்ததைச் சொல்வேன்.

முன்னிருக்கைக்குத் திரும்பி அமர்ந்ததும் எனக்குத் தலை வலித்தது. பொட்டுக்குப் பொட்டு ஓர் இடி. பசி என்று முதலில் கருதினேன். ஆனால் பசியின் வலி எனக்குப் பழக்கமானது, இது அதுவன்று. கள் என்று சொல்ல வழியில்லை. நான் குடிப்பவன் அல்லன். சின்னையன் குடித்தவர், நான் குடியாதவன். அவர் உண்டதும் வேறு, நான் உண்டதும் வேறு. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே. இருவரும் அந்தத் தார்ப்பாய்க்குள் இருந்துவிட்டு வந்தவர்கள். எனக்குக் கால் மணி நேரத்தில் இந்த வலியென்றால், அங்கேயே கிடப்பவர்களுக்கு?

நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிளீனரின் முகம் நினைவுக்கு வந்தது. “கரி மயக்கமா?” என்று கேட்டுச் சிரிக்கும் முகங்களும் நினைவுக்கு வந்தன. அந்தச் சொல்லில் மயக்கம் என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கேட்டேன்.

ஓடினேன். கற்களைக் காலால் தள்ளிவிட்டு, “ஏங்க, ஏங்க,” என்று கூப்பிட்டேன். தாயாரம்மாள் கண்ணைத் திறக்காமல் கையை வீசினார்.

“வுடுங்க. இப்பத்தான் கதகதன்னு கீது.”

“எழுந்திருங்கம்மா. வெளிய வாங்க.”

“வெளியவா? ஒனக்கு இன்னா பைத்தியமா?”

ஏகாம்பரம் கையை வீசவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சு இருந்தது. ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையில் நான் எண்ணத் தக்க நேரமும் இருந்தது.

தார்ப்பாயின் கயிறுகளை அறுத்தேன். அது சரிந்து விழுந்ததும் வாடைக் காற்று நேராக அவர்கள் மேல் பாய்ந்தது. தாயாரம்மாள் எழ முயன்று, கால்கள் நிலைகொள்ளாமல் மண்டியிட்டார். நான் ஏகாம்பரத்தின் அக்குளில் கைகொடுத்து, டிரம்மை விட்டு, காற்று வரும் திசையை நோக்கிச் சாலைக்கு இழுத்தேன். இந்தச் சத்தத்தில் சின்னையன் நொண்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

“யோவ், இன்னா பண்றே? தூங்கற மனுசனைக் கொண்டாந்து ஈரத்துல போடறியே?”

“அவர் தூங்கலைங்க. காலைப் பிடிங்க.”

“குளுருல வெறச்சிப் போயிடுவாருய்யா.”

“காலைப் பிடிங்கன்னேன்.”

அவர் பிடித்தார். மனத்தால் ஒப்பிப் பிடித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

தாயாரம்மாள் தவழ்ந்து வந்து கணவர் மேல் விழுந்தார். அவருடைய கன்னத்தைத் தட்டினார், மறுமொழி இல்லை. உடனே என்னை நோக்கித் திரும்பினார்.

“நல்லாத்தான இருந்தாரு உள்ள? வேர்த்துகினு, சூடா? வெளிய இழுத்துப் போட்டு இப்பிடி ஆக்கிட்டியே. தூக்கு. அடுப்பண்ட கொண்டு போய் வை. தூக்குடா.”

நீங்கள் இந்த இடத்தை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அசைவற்றுக் கிடக்கும் மனிதரை அனல் அருகில் கிடத்த வேண்டும் என்பது அந்த அம்மாளின் அறிவு. உலகில் எவருடைய அறிவும் அதுவே. எதிராக என்னிடம் இருந்தது என் தலைவலியும் ஒரு கேலிச் சொல்லும் மட்டுமே. நான் தவறாகக் கணித்திருந்தால், ஒருவரை உறக்கத்திலிருந்து இழுத்து வந்து குளிரில் கொன்றவன் ஆவேன். அந்த ஐயம் என்னை விட்டு அகலவில்லை. நல்ல முடிவெடுப்பவனுக்கு ஐயமே இராது என்று யாரேனும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஐயத்தோடுதான் நான் அந்த அம்மாளுக்கும் டிரம்முக்கும் நடுவில் நின்றேன்.

“அம்மா, எனக்கும் தலை இடிக்குது. இவருக்கும் இடிச்சிது. உங்களால எழுந்து நிக்க முடியலை. அடுப்புலேர்ந்து ஏதோ வருது. அங்க போகக் கூடாது. காத்துலதான் இருக்கணும்.”

“அப்ப குளுரு?”

காற்றும் வேண்டும், சூடும் வேண்டும். இரண்டு இருக்கைப் பலகைகளைக் கழற்றி வந்து தரையில் போட்டு, என் கோணிகளை அவற்றின் மேல் விரித்து, ஏகாம்பரத்தைக் கிடத்தினோம். கீழ்க் குளிர் தடுக்கப்பட்டது. மேலே போர்த்த ஒன்றுமில்லை. தார்ப்பாயை இழுத்தேன், அதன் வெளிப்புறமெல்லாம் பனி நீர் வடிந்துகொண்டிருந்தது. சின்னையன் தம் வேட்டியில் பாதியைக் கிழித்துக் கொடுத்தார். அதுவும் ஈரம். ஏகாம்பரத்தின் கை விரல்கள் சில்லிடத் தொடங்கின.

தாயாரம்மாள் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தள்ளாடி எழுந்து நூல் மூட்டைகளிடம் போனார். ஒரு மூட்டையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

“அக்கா, பர்மிட் நூலு,” என்றார் சின்னையன். “சிக்கு வுழுந்துதுன்னா நெய்ய முடியாதே.”

“சிக்கு வுழுந்தா ஒக்காந்து எடுத்துக்கலாம். பேசிகினு நிக்காத இப்பிடி குடு.”

வெள்ளை நூல் சிட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணவரின் மார்பிலும் அக்குளிலும் கழுத்தைச் சுற்றியும் வைத்தார். உலர்ந்த பருத்தி. இரண்டாம் மூட்டையையும் பிரித்தோம். முகத்தை மட்டும் காற்றுக்கு விட்டு, மற்ற உடம்பு முழுவதையும் நூலால் மூடி, மேலே காலிக் கோணிகளைப் போர்த்தினோம். ஒரு பக்கம் தாயாரம்மாளும் மறு பக்கம் சின்னையனும் ஒட்டி அமர்ந்தார்கள். நான் காலடியில் அமர்ந்து பாதங்களைத் தேய்த்தேன். டிரம் எங்களிடமிருந்து இருபது அடி தொலைவில் தனியே கனன்றுகொண்டிருந்தது. அதை அணைப்பதா கூடாதா என்று கூட எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் சென்றது என்று கூற இயலாது. மூச்சுகளுக்கு இடையிலிருந்த நேரம் குறைந்தது. பின்னர் அவர் ஒரு புறமாகத் திரும்பி வாந்தி எடுத்தார். அதைக் கண்டு ஒரு பெண் மகிழ்ந்து அழுவதை அன்றுதான் கண்டேன். கிழக்கு வெளுக்கும்போது அவர் கண்ணைத் திறந்து, தம் மார்பின் மேல் கிடந்த நூலைப் பார்த்தார்.

“ஏமே, எவன் மூட்டையப் பிரிச்சான்?” என்றார்.

“நான்தான்.”

“நனையப் போவுது. கட்டு.”

“ஆங், கட்றேன்,” என்றார் தாயாரம்மாள். கட்டவில்லை.

விடிந்ததும் ஓட்டுநர் ஒரு மாட்டுவண்டியில் கரி மூட்டையோடு வந்து இறங்கினார். சாலையில் கிடந்த பலகையையும் நூலையும் தார்ப்பாயையும் பார்த்தவுடனே நடந்ததை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எத்தினி பேரு படுத்தாங்க?” என்றார்.

“மூணு பேர். ஒருத்தர் முன்னாடியே வெளிய வந்துட்டார்.”

“ஒனக்குச் சொன்னேனா இல்லியா, கிட்ட யாரையும் வுடாதேன்னு?”

“சொன்னீங்க. ஏன்னு சொல்லலை.”

அவர் கரி மூட்டையை இறக்கி வைத்தார்.

“ஆங்,” என்றார். “ஏன்னு சொல்லலை.”

அந்த மாட்டுவண்டியிலேயே தம்பதியரை ஊருக்கு அனுப்பினோம். அதற்குப் பின் எங்கள் ஓட்டுநர் எவரையும் நோக்கிக் ‘கரி மயக்கமா’ என்று கேலி செய்யக் கேட்டதில்லை. புதிதாக வரும் கிளீனரை அழைத்து டிரம்முக்கு முன் நிறுத்தி, அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொல்லுவார். ஒவ்வொரு தொழிலிலும் இப்படிச் சில சொற்கள் உண்டு. முன்னொரு காலத்தில் எவனோ விழுந்ததைக் கண்டு வைத்த பெயர், நாளடைவில் சிரிப்பதற்கு ஆகிவிடும். உங்கள் பணிமனையில் வழங்கும் கேலிகளை ஒரு முறை நின்று கேளுங்கள். நீங்கள் ஒருவருக்குக் கட்டளையிடும் நாள் வரும்போது, ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். குளிரில் ஒருவர் மிக நன்றாக உறங்குவதாகத் தோன்றினால், எழுப்பிவிடுங்கள். அவர் உங்களைத் திட்டினால் நல்லது.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அரைகுறையாகச் சொன்ன உண்மையால் உங்களுக்குப் பயனில்லை.

ஒரு மாதம் கழித்து, அம்மையார்குப்பத்து நிறுத்தத்தில் வண்டி அரை மணி நேரம் நின்றபோது, அவர்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். ஊர் திரும்பியதும் அவர் நலமாக எழுந்து பத்து நாள்கள் நெய்ததாகவும், அதற்குப் பின் கால் மிதிகளில் எது வலம், எது இடம் என்பது அவருக்குத் தப்பிப் போனதாகவும் வழியிலேயே ஒருவர் கூறினார். கரி மயக்கம் சிலரை இப்படிச் சில நாள் விட்டும் பிடிக்கும் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். வீட்டில் தறிக்குழியில் தாயாரம்மாள் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். ஏகாம்பரம் சுவரோரம் பாயில் இருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவரை வரவேற்கும் முறை அவரை விட்டுப் போகவில்லை.

“வாங்க, வாங்க. கதவ சாத்திட்டு ஒக்காருங்க. காத்து வருது.”

நான் கதவில் கை வைத்தேன்.

“தொறந்தே இருக்கட்டுங்க,” என்றார் தாயாரம்மாள், நெசவிலிருந்து தலையைத் தூக்காமல்.

தார்ப்பாயின் ஓரத்தில் நான் கல்லைத் திரும்ப வைத்த நேரத்துக்கும் இரண்டாம் முறை அங்கே ஓடிய நேரத்துக்கும் இடையில் எவ்வளவு சென்றிருக்கும் என்று அங்கே அமர்ந்து கணக்கிட்டேன். கால் மணிக்கு மேல் இராது. அந்தக் கால் மணி அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த அம்மாளிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், தறியில் நாடா ஓடும் சத்தம் நிற்கவில்லை.

“கதவ சாத்தலியா?” என்றார் ஏகாம்பரம் மறுபடியும். “குளுருதேமே.”

“ஆங், குளுருதான்,” என்றார் தாயாரம்மாள். குழியிலிருந்து எழுந்து வந்தார். கதவை நன்றாகத் தள்ளித் திறந்து கல் முட்டுக் கொடுத்தார். பிறகு தம் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கால்களில் சுற்றிவிட்டு, தறிக்குத் திரும்பினார்.